வாட்டம் பார்க்காமல் போட்ட தளம்

அன்புள்ள வேலுவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். மோல்மேனில் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே?

எட்டு மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் போடவில்லை, போனிலும் பிடி கொடுக்கவில்லை. கோபம் ஒன்றும் இல்லை, வெட்கம்தான். போன தடவை வந்தபோது நான் கார் கழுவும் கடை கட்டவிருந்த காலி மனையில் நின்றுகொண்டு, "முதலில் தண்ணி எங்கே போகும்னு சொல்லு, அப்புறம் கூரையைப் பத்திப் பேசலாம்" என்றாய். நான் கூரையைப் பற்றியே பேசினேன். நீலத் தகடு, விளக்கு, போர்டு எல்லாம் ஜோராக இருக்கிறது. தளம் மட்டும் நாசம். சிரிக்காமல் படி.

கார் கழுவ ஆள் வைக்காமல், வருகிறவர்களே தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கியைப் பிடித்துக் கழுவிக்கொண்டு போகட்டும் என்று நான் சொன்னதற்கு, ரங்கூனில் எவன் தானே கார் கழுவுவான் என்று கேட்டாய். கழுவுகிறான். கழுவிவிடப் பையன்கள் எங்கே இருக்கிறார்கள்? இந்தத் தெருவில் இருபது வயசுப் பையனைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. என் சின்னவனும் தாய்லாந்தில் மே சோட் பக்கம் போய்விட்டான், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான், அவன் அம்மா அன்று மட்டும் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். அதைப் பற்றி நேரில் பேசலாம்.

மிஷினில் காசு போடும் துளை இருக்கிறது, நம் நாட்டில் போடுவதற்குக் காசு ஏது? எல்லாம் நோட்டு. அதனால் பித்தளை வில்லை அடித்து வைத்திருக்கிறேன். மச்சான் அதில் பாதியை வீட்டுக்குக் கொண்டுபோய் எதற்கோ எடைக்கல்லாக வைத்திருக்கிறான், அவனைத் தெரியும் உனக்கு.

சரி, தளத்துக்கு வருகிறேன். கார் நிறுத்திக் கழுவ மூன்று அறை, ஒவ்வொன்றும் 16 அடி அகலம், 22 அடி நீளம். அளவில் குறை சொல்ல முடியாது. கான்கிரீட் போட்ட ஆள் (பெயர் வேண்டாம், நீ சண்டைக்குப் போவாய்) ஈரத்தின் மேல் சிமென்ட் தூளைத் தூவி, இரும்புக் கரணையால் கண்ணாடி மாதிரி இழைத்துக் கொடுத்தான். நானும் அதில் முகம் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக நின்றேன். கடை திறந்த முதல் வாரமே ஒரு ப்ரோபாக்ஸ் டாக்சிக்காரர், ரப்பர் செருப்பும் லுங்கியுமாக, சோப்பு நுரையில் கால் வைத்து அப்படியே காருக்கு அடியில் போய்விட்டார். கை முறியவில்லை, அங்காளம்மன் புண்ணியம். அடுத்தது மச்சான். அவன் விழுந்ததில் எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை.

வழுக்குவதோடு போகவில்லை. தூவிய தூள் அடிக் கான்கிரீட்டோடு சேரவே இல்லை போலிருக்கிறது, துப்பாக்கித் தண்ணீர் பட்டுப் பட்டு அப்பளம் மாதிரி பெயர்கிறது. தென்னந்துடைப்பத்தால் தண்ணீர் ஓடும் வாட்டத்துக்குக் குறுக்கே ஓர் இழுப்பு இழுத்து விட்டிருந்தால் போதும், கால் பிடித்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. நீயும் அதைத்தான் சொன்னாய், ஆனால் அன்றைக்கு அது எனக்கு மாட்டுக்கொட்டகைத் தரை மாதிரி பட்டது. ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு வைக்கச் சொன்னதையும் செய்யவில்லை. மூன்றாம் நாளே கார் ஏற்றிப் படம் எடுத்தோம். நடுவே கோடு வெட்டி விடாததால் அதுவாகவே ஒரு கோடு போட்டுக்கொண்டது, கோணல் மாணலாக.

இப்போது வாட்டம். அடிக்குக் கால் இஞ்ச் என்று நீ சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தது இன்னும் என்னிடம் இருக்கிறது. சுவரிலிருந்து நடுக் கால்வாய் வரை 8 அடி என்றால் 2 இஞ்ச் இறங்கியிருக்க வேண்டும். நேற்று டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் அரை இஞ்ச், இன்னொரு பக்கம் எதிர்வாட்டம்! கார் கழுவின அழுக்குத் தண்ணீர் பின்சுவர் ஓரம் தேங்கி, வேலை முடிந்து ராத்திரி நான் தள்ளுகட்டையோடு நிற்கிறேன். கால்வாய்க்கு மேலே ஆங்கிள் சட்டத்தில் இரும்புக் கிராதி போட்டிருந்தேன், போல்ட் வைத்து இறுக்கவில்லை, இரண்டைக் காணோம். பழைய இரும்புக் கடையில் என் கிராதியையே எனக்கு விலை சொல்கிறார்கள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை, வேலு. நான் இந்தக் கடிதத்தை எழுதுவது மழையால்தான்.

கழுவுகிற தண்ணீர் மூன்று அறைத் தொட்டி வழியாகப் போய்த் தெருச் சாக்கடையில் விழுகிறது. முதல் அறையில் சேறு படியும், இரண்டாவதில் எண்ணெய் மேலே மிதக்கும், அடியிலிருந்து எல்போ என்கிற வளைகுழாய் வழியாக மூன்றாவதுக்குத் தெளிந்த தண்ணீர் போகும். நன்றாகத்தான் இருந்தது, வைகாசி வரை. அப்புறம் மழை பிடித்தது. ஒரு காருக்கு நூறு லிட்டர் என்று வைத்தால், நாற்பது கார் கழுவினாலும் ஒரு நாளைக்கு நாலாயிரம் லிட்டர்தான். என் முன்வாசலும் அறையும் சேர்ந்து 1,500 சதுர அடி. ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை கொட்டினால் அந்த இடத்தில் விழுவதே ஏழாயிரம் லிட்டர்! ஒரு நாள் கழுவும் தண்ணீரைவிட ஒரு மணி மழை பெரிது. வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊரில் உட்கார்ந்துகொண்டு அந்தத் தண்ணீரையும் அதே தொட்டிக்குள் விட்டிருக்கிறேன். அது வந்த வேகத்தில் மிதந்த எண்ணெய், படிந்த சேறு எல்லாவற்றையும் கலக்கி வெளியே தள்ளிவிட்டது. சோப்பு வேறு. எஞ்சின் கழுவ ஊற்றும் சோப்பில் எண்ணெய் மோர் மாதிரி பொடிந்து கலந்துவிடுகிறது, அப்புறம் எந்த அறையில் மிதக்கும்?

ஆனி மாதம் ஒரு காலை, ஆற்றில் கடலேற்றம், மேலே மழை. தெருச் சாக்கடை நிரம்பி எதிர்ப்பக்கமாகத் தொட்டிக்குள் ஏறி, அங்கிருந்து கால்வாய் வழியாக வெளியே பொங்கிப் பக்கத்து மொகிங்கா (மீன்சாறு நூடுல்ஸ்) கடைக்குள் போய்விட்டது. கணுக்கால் அளவுத் தண்ணீர், மேலே வானவில் கலரில் எண்ணெய். அந்தம்மா அடுப்பைத் தூக்கி மேசைமேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாறு வருஷமாகக் காலையில் அவள் கையால் சாப்பிட்டவன் நான். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகத் தைரியம் இல்லாமல் வீட்டில் பழைய சோறு.

நான் யோசித்து வைத்திருப்பதைச் சொல்கிறேன், தப்பு இருந்தால் கிழி. தளத்தை உடைத்து 9 இஞ்ச் உயர்த்துகிறேன், அடியில் மண்ணை நன்றாக இடித்துவிட்டு 6 இஞ்ச் கான்கிரீட், கம்பி வலையோடு. வாசலில் இரண்டு இஞ்ச் மேடு, கார் ஏறும் ஆனால் மழை ஏறாது. கூரைத் தண்ணீருக்குத் தனிக் குழாய், தொட்டியைத் தொடாமல் நேரே வெளியே. கடைசிக் குழாய் வாயில் ஒருபக்கம் மட்டும் திறக்கும் மடக்குமூடி. கார் நிற்கும் ஒவ்வொரு அறையிலும் ஒரு சேற்றுக் குழி, மண்வெட்டி இறங்குகிற அகலத்துக்கு, ஏனென்றால் வெளியூர்க் காரிலிருந்து விழும் செம்மண்ணைக் கையால்தான் அள்ள வேண்டியிருக்கிறது. துப்பாக்கியையும் வலப்பக்கச் சுவருக்கு மாற்றுகிறேன். 1970இலிருந்து சாலையில் வலப்பக்கமாகப் போகிறோம், ஸ்டியரிங்கும் பாதிக்கு மேல் வலப்பக்கம்தான், டிரைவர் இறங்குவதும் அந்தப் பக்கமே, நான் மட்டும் குழாயை இடப்பக்கம் தொங்கவிட்டு எல்லார் பானெட்டையும் கீற வைத்தேன்.

தொட்டியை எவ்வளவு பெரிதாகக் கட்டுவது என்பதில்தான் குழம்புகிறேன். நீ வந்தால் அரை நாளில் முடித்துவிடுவாய். சித்திரையில் வரும் தண்ணித் திருவிழாவுக்கு முன்னால் கான்கிரீட் போட்டாக வேண்டும், அதற்கப்புறம் ஆளும் கிடைக்காது, வானமும் விடாது. டியூபையும் அந்தப் பழைய மட்டப்பலகையையும் எடுத்துக்கொண்டு வா. டிக்கெட் என் கணக்கு. அந்தப் பழைய கோழிக் கதையை யாரும் எடுக்க மாட்டார்கள், மச்சானிடம் சத்தியம் வாங்கிவிட்டேன்.

வந்த மறுநாள் காலை மொகிங்கா கடைக்கு என்னோடு நீயும் வர வேண்டும். பேச்சை நீயே ஆரம்பி.

இப்படிக்கு,
சின்னையா