நீல நிறத்தை வைத்து எரிமலைக்கு வயது சொல்ல வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலடி எரிமலை பற்றிய செய்திகளில் காந்த அளவு கூடிய இடம் சிவப்பும் குறைந்த இடம் நீலமுமாக ஒரு காந்த வரைபடத்தைப் போட்டு, நீலம் என்றால் பழைய எரிமலை என்று எழுதிவிடுகிறார்கள். அந்தமான் கடலுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

எரிமலைக் குழம்பு ஆறி 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது, அதிலுள்ள மாக்னடைட் என்ற இரும்புக் கனிமம் அன்றைய புவிக்காந்தத்தின் திசையைப் பிடித்துக்கொள்கிறது. காந்த முனைகள் கடைசியாக இடம் மாறியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். பாறையில் திசை தலைகீழாக இருந்தால் மலை அதற்கும் மூத்தது. புவிக்காந்தம் செங்குத்தாகச் சாய்ந்திருக்கும் ஐரோப்பாவில் மலைக்கு மேல் காந்த அளவு குறைந்தால் அப்படிச் சந்தேகிக்கலாம். காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்வதால் இங்கே புவிக்காந்தம் ஏறக்குறையப் படுத்த வாக்கில் இருக்கிறது. நேற்றுப் பிறந்த எரிமலைக்கு மேலும் அளவு குறைந்துதான் காட்டும்.

அளப்பதிலும் கவனம் வேண்டும். 100 மீட்டர் கப்பல் என்றால் காந்தமானியை 300 மீட்டர் கேபிளில் பின்னால் இழுக்க வேண்டும். குறைத்தால் கப்பலின் இரும்புதான் பதிவாகும். பகலில் புவிக்காந்தம் ஏறி இறங்குவதைக் கழிக்கக் கரையில் இன்னொரு கருவி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் சென்னையில் வைத்தால் பயனில்லை: அந்தமானில் சூரியன் சுமார் 50 நிமிடம் முன்னதாக உச்சிக்கு வருகிறது, திருத்தம் அத்தனை நேரம் பிந்திவிடும்.

ஈர்ப்புமானியில் வேறு தொல்லை. நம் அட்சரேகையில் கப்பல் 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) வேகத்தில் கிழக்கே போனாலே ஈர்ப்பு சுமார் 73 மில்லிகால் (ஈர்ப்பை அளக்கும் சிறு அலகு) குறைந்து தெரியும். வேகத்தில் 0.1 நாட் பிசகினால் 0.7 மில்லிகால் பிழை. ஆழத்தை 10 மீட்டர் தவறாக எடுத்தாலும் அதே அளவு. கப்பல் திரும்பும் நிமிடங்களின் பதிவைத் தயங்காமல் தள்ளிவிட வேண்டும்.

இவ்வளவும் எதற்கு? உள்ளே இறுகிய கனமான பாறை எங்கே, சாம்பலும் உடைகல்லும் குவிந்த சரிவு எங்கே என்று ஈர்ப்பு பிரித்துக் காட்டும். ஈர்ப்பும் காந்தமும் ஒரே இடத்தில் குறைந்தால், வெந்நீர் ஊறிப் பாறை நைந்திருக்கலாம். அப்படிப்பட்ட சரிவு பெயர்ந்து விழுந்தால் சுனாமி எழக்கூடும். 2004-ஐப் பார்த்த சென்னைக்கு எரிமலையின் வயதைவிட இதுவே முக்கியம்.

படம் வெளியிடும்போது, அது கப்பலில் பதிவான அளவா, காந்த முனையில் அளந்தது போல் கணினியில் மாற்றியதா என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறோம். மாற்றிய படத்தில் வடக்கு தெற்காகக் கோடு கோடாக நீண்டு தெரிவது பெரும்பாலும் மலையல்ல. நடுக்கோட்டருகே அந்தக் கணக்கு தடுமாறுவதன் அடையாளம்.

கடல்சார் புவி இயற்பியல் பணியாளர்கள் சிலர்,
சென்னை