கிராங்க் மூக்கில் நீங்கள் வெட்டிய அரைகுறை மரை

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: செவ்ரலே 292 எஞ்சின் கிராங்க் ஷாஃப்ட் வேலையில் குறை, இழப்பீடு கோருதல்

ஐயா,

கடந்த ஏப்ரலில் என் 1965 செவ்ரலே சி-10 பிக்கப்பில் இருக்கும் 292 கன அங்குல, வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சினின் கிராங்க் ஷாஃப்டை, அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை, உங்கள் பட்டறையில் கொடுத்தேன். பேரிங்கில் சுழலும் பகுதிகளான ஜர்னல்களை மெருகேற்றுவது, பிஸ்டன், ராடுகளோடு சேர்த்து பேலன்ஸ் செய்வது, முன் நுனியான மூக்கில் துளை போட்டு, பேலன்சரைப் பிடிக்கும் அரை அங்குல போல்ட்டுக்கு மரை வெட்டுவது என்று மூன்று வேலை. முதல் இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கடிதம் மூன்றாவதைப் பற்றியது.

ஜூன் முதல் சனிக்கிழமை கால் மைல் நேர்ப்பாதையில் ஓடும் டிராக் (drag) பந்தயத்துக்கு வண்டியை எடுத்துப் போனேன். முதல் ஓட்டம் 15.4 வினாடி, அடுத்தது 15.3. மூன்றாவது ஓட்டத்தில் கடைசி கியருக்கு மாற்றினேனோ இல்லையோ, முன்னால் தகரத்தை அறுப்பது போல ஒரு சத்தம். கிராங்க்கின் அதிர்வை அடக்கும் சக்கரமான பேலன்சர் மூக்கை விட்டு நழுவி, பெல்ட்டைத் தூக்கி எறிந்து, ரேடியேட்டரின் அடிப்பாகத்தைக் கடித்துக் குதறியிருந்தது. நல்ல வேளை, ரேடியேட்டரில் வெறும் தண்ணீர்தான் ஊற்றியிருந்தேன். கூலன்ட் என்றால் தடமே வழுக்கியிருக்கும். தண்ணீரைத் துடைத்து முடிக்கும் வரை என் பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம்.

உங்களுக்குப் போன் செய்தபோது ஊழியர் ஒருவர், "லாரி எஞ்சினை நிமிடத்துக்கு 5,000 சுற்றுக்கு விரட்டினால் வேறென்ன ஆகும்? பேசாமல் எட்டு சிலிண்டர் வி8 போட்டிருக்கலாமே" என்றார். வி8 மட்டும்தான் எஞ்சின் என்று நினைக்கிறார் போல. 1953-இல் வந்த முதல் கார்வெட்டே வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சினோடுதான் வந்தது. மூன்று கார்புரேட்டர், 150 குதிரைத்திறன். சரி, அதை விடுங்கள். அந்த 5,000 சுற்றுக்காகத்தானே உங்களிடம் பணம் கட்டி மரை வெட்டச் சொன்னேன்!

கம்பெனியிலிருந்து வந்தபோது இந்த எஞ்சினுக்கு 4,000 சுற்றில் 170 குதிரைத்திறன். பேலன்சரை மூக்கில் அழுத்திச் செருகியதோடு சரி, பிடித்து நிறுத்த போல்ட் இல்லை. பாரம் இழுக்கும் வண்டிக்கு அது போதும். அதற்கு மேல் ஓட்டினால் போதாது. 292-இன் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 4.12 அங்குலம். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்பதால் கிராங்க்கும் நீளம். ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் அது ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. அந்த அதிர்வு பலமாகத் தெரிவது மூக்கு நுனியில்தான். அதைத் தன் ரப்பர் வளையத்தில் வாங்கிக்கொள்ளும் பேலன்சர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்துவிடும். இந்த எஞ்சினைப் பந்தயத்துக்குத் தயார் செய்பவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் இந்தத் துளையும் ஒன்று.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். போல்ட் நுனியில் கடைசி மூன்று மரையும் நசுங்கிப் பளபளவென்று இருந்தன. வாஷர் சரியாக இறுகியிருந்தால் ஒரே சீராக வட்டத் தடம் விழும். இதில் ஒரு பக்கம் மட்டும் சுத்தியால் தட்டியது போலக் குழி குழியாக இருந்தது. புதிய போல்ட் ஒன்றைக் கையால் திருகிப் பார்த்தேன். 18 சுற்றில் முட்டி நிற்கிறது. வாஷர் பேலன்சரின் நடுப்பகுதியான ஹப்பில் உட்கார 20 சுற்று இறங்க வேண்டும். கம்பி விட்டுப் பார்த்தால் துளை போதுமான ஆழத்துக்குப் போகிறது, மரைதான் அடிவரை இல்லை. மரை வெட்டும் கருவியான டேப்பில் நுனி சரிந்ததை ஓட்டியதோடு, அடிவரை வெட்டும் டேப்பைப் போடாமலே உங்கள் ஆள் அடுத்த வேலைக்குப் போயிருக்கிறார்.

என் பக்கமும் ஒரு தப்பு உண்டு. பூட்டும்போது, குறித்த விசை வந்ததும் ஒலி எழுப்பும் டார்க் ரெஞ்ச் 'டிக்' என்றதும் போல்ட் இறுகிவிட்டது என்று நம்பினேன். போல்ட் அடியில் முட்டினாலும் அது 'டிக்' என்றுதான் சொல்லும். முதலில் கையால் திருகிப் பார்த்திருக்கலாம். ஆனால் அதைச் சரிபார்க்கும் கூலியும் சேர்த்துத்தானே உங்கள் பில்லில் இருக்கிறது?

துளை, மரைக் கூலி 90 டாலர், புதிய பேலன்சர் 210, ரேடியேட்டர் 340, கீறல் விழுந்து, பேலன்சரைப் பூட்டும் கீ (சாவிக்கட்டை) உட்காரும் காடியும் அகன்றுபோன மூக்கை வேறு பட்டறையில் சரிசெய்ய 275. ஆக மொத்தம் 915 டாலரை 30 நாளுக்குள் அனுப்பிவையுங்கள். பந்தய நுழைவுக் கட்டணத்தை நான் கேட்கவில்லை. இதே வேலையை இலவசமாகத் திரும்பச் செய்து தருவதாக உங்கள் ஊழியர் சொன்னதற்கு நன்றி, வேண்டாம்.

பில்லின் நகலும் படங்களும் இணைத்திருக்கிறேன். போல்ட்டும் வாஷரும் என்னிடமே இருக்கும். பார்க்க வேண்டுமென்றால் யாரையாவது அனுப்புங்கள், வரும்போது ஒரு புதிய அரை அங்குல போல்ட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். அவரே கையால் திருகி எண்ணிப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
சி-10 வண்டிக்காரர்