அடித்துணியை இழுக்காதே, கண்ணா

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டங்களின் மூலைகள் ஒன்றோடொன்று பிசகாமல் கூடியிருக்கின்றன. அந்த நீலமும் மஞ்சளும் நல்ல சேர்க்கை. பிறக்கப்போகும் பிள்ளைக்கு அப்பன் கையாலேயே ஒரு குயில்ட் போர்வை என்று நினைக்க நினைக்க மனசு நிறைகிறது.

அடியில் பருத்தி வைப்பதா, மெத்தென்ற மயிர் உள்ள மிங்கித் துணி வைப்பதா என்று கேட்டிருக்கிறாய். மிங்கியே வை. மேலே நீ எத்தனை அழகாகத் தைத்திருந்தாலும், பிள்ளை கன்னத்தை வைத்துத் தேய்க்கப்போவது அந்த மெத்தென்ற பக்கத்தில்தான். இன்னொரு வசதியும் உண்டு. பருத்தித் துணி பெரும்பாலும் 42 முதல் 44 அங்குல அகலம்தான் வரும். உன் குயில்ட் 40க்கு 50. நாலு பக்கமும் நாலு அங்குலம் கூடுதலாக விட வேண்டும் என்பதால் 48க்கு 58 தேவை. பருத்தியென்றால் நடுவில் ஒட்டுப்போட்டாக வேண்டும். மிங்கி 58, 60 அங்குல அகலத்தில் கிடைப்பதால் ஒரே துண்டாக முடிந்துவிடும். ஒன்றரை மீட்டர் கணக்காக இருக்கும், கொஞ்சம் கூடவே வாங்கிக்கொள். முதல் முறை என்பதால் மூன்று மில்லிமீட்டர் மயிர் உள்ள வழுவழுப்பான ரகம் போதும். நீள மயிர் ரகம் பார்க்க ஆசையாக இருக்கும், தைக்கும்போது கையை விட்டு ஓடும்.

துணி கைக்கு வந்ததும் முதலில் அகலவாக்கில் லேசாக இழுத்துப் பார், அப்புறம் நீளவாக்கில். அகலத்தில்தான் அதிகம் நீளும். பார்க்கக் கம்பளி மாதிரி இருந்தாலும் அது பாலியெஸ்டர் நூலில் பின்னிய துணி, நெய்ததில்லை. பனியன் துணி போல இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய இடத்துக்கே வரும். இந்தத் துணியில் வருகிற தொல்லையெல்லாம் இந்த ஒரு குணத்தால் வருவதுதான். தரையில் விரிக்கும்போது விறைப்பாக இழுத்து டேப் ஒட்டினாயானால் அப்போதைக்குச் சுருக்கமே இல்லாமல் அழகாகத் தெரியும். தைத்து முடித்து டேப்பை எடுத்ததும் அடித்துணி தன் அளவுக்குத் திரும்பும், மேலே உள்ள பருத்தி அதோடு சேர்ந்து சுருங்க முடியாமல் பொம்மிக்கொண்டு நிற்கும். பிறகு பிரித்துத் தைப்பதைத் தவிர வழியில்லை. மயிருக்குள் புதைந்த தையலைப் பிரிப்பது பெரும்பாடு.

அதனால் மயிர்ப்பக்கம் தரையைப் பார்க்க விரி. நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் தடவிவிடு, சுருக்கம் போனால் போதும். அது தானாகக் கிடக்கிற கிடையில் டேப் ஒட்டு. மேலே மெல்லிய பருத்திப் பஞ்சு விரிப்பு ஒன்று. பஞ்சே வேண்டாம், மிங்கியே கதகதப்பு என்று விடுகிறவர்களும் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. பருத்திப் பஞ்சு மிங்கியைப் பற்றிக்கொண்டு அதை நீளவிடாமல் வைத்திருக்கும், உனக்கு அந்தத் துணை வேண்டும். அதற்கு மேல் உன் கட்டத்துணி. அதை முன்னதாகவே நன்றாக இஸ்திரி போட்டுவிடு. மிங்கியோடு சேர்ந்தபின் சூடான பெட்டி கிட்டேயே போகக்கூடாது, மயிர் நசுங்கி உருகிப் பளபளவென்று தழும்பாகிவிடும்.

மயிருக்கு ஒரு போக்கு உண்டு. ஒரு பக்கம் தடவினால் படியும், எதிர்ப்பக்கம் தடவினால் சிலிர்க்கும், நிறமும் சற்று மாறித் தெரியும். தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குப் படிகிற மாதிரி வை. வெட்டும்போது பஞ்சுப்பொடி பறந்து சட்டையெல்லாம் ஒட்டும், பயப்படாதே. வெட்டுப்பட்ட மயிர் மட்டும்தான் உதிரும், துணி நூல் பிரியாது. வெட்டிய ஓரத்தை வெளியில் கொண்டுபோய் உதறிவிட்டுத் தைக்க உட்கார். தைத்து முடித்ததும் கீழ்நூல் சுற்றிய பாபின் இருக்கும் இடத்தைத் திறந்து பிரஷ்ஷால் சுத்தம் செய், அங்கேயும் நிறையச் சேர்ந்திருக்கும்.

மெஷினுக்கு முனை மழுங்கிய ஸ்ட்ரெச் ஊசி, 90/14 அளவு. தையல் நீளம் மூன்று, மூன்றரை மில்லிமீட்டர். துணியை அழுத்தும் பாதத்துக்குப் பதிலாக மாட்டுகிற வாக்கிங் ஃபுட் இல்லாமல் ஆரம்பிக்காதே. கீழே இருக்கும் பல் மிங்கியை ஒரு வேகத்தில் தள்ளும், மேல்துணி பின்தங்கும். வாக்கிங் ஃபுட் இரண்டையும் ஒன்றாக நகர்த்தும். குண்டூசி ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று, கஞ்சத்தனம் வேண்டாம். நடுவிலிருந்து வெளியே தைத்துப் போ, முதல் வரிசை முடிந்ததும் திருப்பிப் பார். பாபினில் மிங்கியின் நிறத்திலேயே நூல் போட்டால் தையல் மயிருக்குள் மறைந்து, வரிசை ஓடிய இடத்தில் மெல்லிய பள்ளம் மட்டும் தெரியும். பார்க்க அத்தனை அழகு. வரிசைகளை மூன்று நாலு அங்குல இடைவெளியில் விடு. எவ்வளவு இடைவெளி வரை விடலாம் என்று பஞ்சு உறையில் போட்டிருப்பதையும் பார்த்துக்கொள். நெருக்கித் தைத்தால் அந்த மெத்தென்ற குணமே போய்விடும்.

ஓரப்பட்டி பருத்தியில் வெட்டு, இரண்டரை அங்குல அகலம். பட்டி வைப்பதற்கு முன்பு விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் ஒரு தையல் போட்டு மூன்று அடுக்கையும் பிடித்துவிடு, அப்புறம் ஓரத்தை வெட்டிச் சமன் செய்.

இனி நான் கண்டிப்பாகச் சொல்வது. பிள்ளைக்கு ஒரு வயது நிரம்பும்வரை தூங்கும் தொட்டிலில் இதை வைக்காதீர்கள். மெத்தென்ற துணி முகத்தில் படிந்தால் மூச்சு முட்டும், விலக்கிக்கொள்ள அதற்குக் கை வராது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியும் முதல் வருஷம் தொட்டிலில் போர்வையே வேண்டாம் என்றுதான் சொல்கிறது. நீங்கள் விழித்துப் பக்கத்தில் இருக்கும்போது தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாடவிடுங்கள். போர்த்துகிற வயது வரும்போது போர்த்தட்டும், துணி எங்கேயும் போகாது. இதை மருமகளிடமும் சொல்லிவிடு.

துவைக்கக் குளிர்ந்த தண்ணீர், மிதமான சோப்பு. துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றாதே, மயிரில் படிந்து பிசுபிசுப்பாக்கிவிடும். காயவைக்க நிழல் போதும், இயந்திரமென்றால் குறைந்த சூடு. ஒன்று கேட்க மறந்தேன்: கட்டத்துணியை வெட்டுவதற்கு முன்னால் அலசினாயா? அலசாவிட்டால் முதல் சலவையில் பருத்தி கொஞ்சம் சுருங்கும், மிங்கி சுருங்காது, மேலே சின்னச் சின்னச் சுருக்கம் விழும். எனக்கு அந்தச் சுருக்கம் பிடிக்கும். உனக்குப் பிடிக்காதென்றால் மூன்றையும் சேர்ப்பதற்கு முன்பே சொல், என்ன செய்யலாம் என்று பேசுவோம்.

அன்புடன்,
அம்மா