படைப்புக்கு முன்னும் பின்னும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எழுதுகிறவர்கள் சமூக ஊடகத்தில் இருக்கலாமா, கூடாதா என்ற பேச்சு இலக்கிய வட்டத்திலும் ஆய்வு வட்டத்திலும் ஓய்ந்தபாடில்லை. அது நேரத்தைத் தின்னும் பூதம் என்கிறார்கள் ஒரு சாரார். அங்கே தலைகாட்டாத எழுத்தாளர் இருந்தும் இல்லாதவரே என்கிறார்கள் மறுசாரார். சிறுகதைகளும் அவ்வப்போது ஆய்வுக் கட்டுரைகளும் எழுதிக்கொண்டு, முகநூலிலும் இன்று எக்ஸ் எனப்படும் ட்விட்டரிலும் பல ஆண்டுகளாகப் புழங்கிவருபவன் என்ற முறையில் என் கருத்து இது: எழுதுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலைக்கும், எழுதி முடித்த பின்பு செய்ய வேண்டிய வேலைக்கும் இத்தளங்கள் அருமையாக உதவுகின்றன, இடைப்பட்ட வேலைக்கு, அதாவது எழுதுவதற்கு, அநேகமாக உதவுவதே இல்லை. நாம் புலம்புவதெல்லாம் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான்.

ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்த காலத்து அச்சகம் ஒன்றைக் களமாக வைத்து ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். ஈய எழுத்தின் முகம் இடவலம் மாறியிருக்கும் என்பதால், வரியையும் வலமிருந்து இடமாகத்தான் கோப்பார்கள் என்று நானாகவே ஊகித்து ஒரு பத்தி எழுதிவிட்டேன். சந்தேகம் அரித்துக்கொண்டே இருக்கவே, கதையை வெளியே காட்டாமல் அந்தக் கேள்வியை மட்டும் முகநூலில் கேட்டேன். அன்றிரவே, இளமையில் அச்சுக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்த பெரியவர் ஒருவர் விளக்கமாகப் பதில் எழுதினார். எழுத்துகளை வரியாக அடுக்கும் ஸ்டிக் என்ற சிறு தட்டு இடது கையில் இருக்கும், வலது கை எழுத்தை எடுத்துவரும், வரி இடமிருந்து வலமாகவே வளரும், எழுத்துகள் மட்டும் தலைகீழாக நிற்கும் என்று சொல்லிவிட்டு, கடைசியாக வைத்த எழுத்து சாய்ந்துவிடாமல் இடது கட்டைவிரல் தாங்கிக்கொண்டே நகரும் என்றும் சேர்த்திருந்தார். நான் கேட்காமலே கிடைத்த அந்தக் கட்டைவிரலை வைத்துக் கதையையே மாற்றி எழுதினேன். எந்த நூலகத்தில் எந்த அடுக்கில் போய் நான் அதைத் தேடியிருப்பேன்?

இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. புதிதாக எழுதிய கவிதை ஒன்றை, ஆர்வக் கோளாறில், மை காயும் முன்பே முகநூலில் போட்டேன். விருப்பக் குறிகள் குவிந்தன. பிறகு அதையே ஓர் இதழுக்கு அனுப்பியபோது, 'ஏற்கெனவே வெளியான படைப்பு' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோபம் வந்தது என்றாலும் அவர்கள் தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆய்வுலகில் இந்த வழக்கம் பழையது. வேறிடத்தில் வெளிவந்துவிட்ட முடிவுகளை ஏற்பதில்லை என்று 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' மருத்துவ இதழின் ஆசிரியர் ஃபிரான்ஸ் இங்கல்ஃபிங்கர் 1969-இல் வகுத்த விதி இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அதே சமயம், 1991 முதல் இயங்கும் ஆர்க்கைவ் (arXiv) என்ற இணையத் தளத்தில் ஆய்வுக் கட்டுரையின் முன்வரைவை ஏற்றிவிட்டுப் பிறகு இதழுக்கு அனுப்புவது இயற்பியலாளர்களுக்கும் கணிதவியலாளர்களுக்கும் அன்றாட வழக்கம். ஆக, துறைக்குத் துறை, இதழுக்கு இதழ் விதி மாறுகிறது. பதிவிடும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பு அதைப் பார்த்துவிடுவது நல்லது.

எழுதி முடித்து, அச்சிலும் வந்த பிறகு, கூச்சப்படாமல் பகிரலாம். ஆனால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்ற தெளிவு வேண்டும். ஆய்வாளர்கள் 11 பேர் சேர்ந்து செய்த ஒரு சோதனை 2024-இல் 'பிளாஸ் ஒன்' அறிவியல் இதழில் வெளிவந்தது. ஒவ்வொருவரும் ஐந்தைந்து கட்டுரைகளாகப் பத்து முறை தேர்ந்தெடுத்து, ஐந்தில் ஒன்றை மட்டும் குலுக்கல் முறையில் ட்விட்டரில் பகிர்ந்தார்கள். மற்ற நான்கையும் அப்படியே விட்டுவிட்டார்கள். மொத்தம் 550 கட்டுரைகள். பகிர்ந்த நாளில் பதிவிறக்கம் வெகுவாகக் கூடியது. மூன்றாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பிற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் அவற்றை மேற்கோள் காட்டிய எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. துறைக்கு வெளியே இருக்கும் ஒருவர் நம் கட்டுரையைத் திறந்து பார்க்கிறார் என்பதே பெரிய விஷயம். பதவி உயர்வுக்கு உதவும் மேற்கோள்களை ட்விட்டரிடம் எதிர்பார்ப்பதுதான் தவறு.

பகிரும்போது 'என் கட்டுரை வெளிவந்துள்ளது, மகிழ்ச்சி' என்று மட்டும் எழுதி ஓர் இணைப்பைத் தொங்கவிடுபவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கட்டுரை எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டது, என்ன கண்டது, அது ஏன் வியப்பளிக்கிறது என்பதைப் பொதுவாசகருக்குப் புரியும்படி ஐந்தாறு வரிகளில் சொல்லலாமே. இணைப்பாக, கட்டுரைக்கு வழங்கப்பட்டுள்ள டிஓஐ (DOI) என்ற நிலையான அடையாள எண்ணைக் கொடுப்பது மேல். இதழின் இணைய முகவரி மாறினாலும் பதிப்பாளர் அதைப் புதுப்பித்துவரும் வரை அந்த எண் சரியான இடத்துக்கே கொண்டுசேர்க்கும். பதிப்பாளர் வடிவமைத்த பிடிஎஃப் கோப்பை அப்படியே ஏற்றுவது பெரும்பாலும் உரிமை மீறல். இதழ் ஏற்றுக்கொண்ட, வடிவமைப்புக்கு முந்தைய கையெழுத்துப்படியைப் பகிரப் பல பதிப்பகங்கள் நிபந்தனைகளோடு அனுமதிக்கின்றன.

தமிழில் எழுதுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ட்விட்டர் 2017-இல் தன் வரம்பை 140 குறிகளிலிருந்து 280 குறிகளாக உயர்த்தியது. 'தமிழ்' என்ற சொல்லில் நம் கணக்குப்படி மூன்று எழுத்துகள். இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் கணினிக்கு அது ஐந்து. ஆகவே, நமக்குக் கிடைக்கும் இடம் பார்வைக்குத் தெரிவதைவிடக் குறைவு. இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கவோ, அழகுக்காகவோ கவிதையைப் படமாக்கிப் போடும் வழக்கம் பரவியிருக்கிறது. படத்துக்குள் மாட்டிக்கொண்ட வரியைத் தேடுபொறியில் தேடி எடுப்பது கடினம். திரைவாசிப்பான் மூலம் படிக்கும் பார்வையற்ற வாசகருக்குப் பெரும்பாலும் அது வெறும் மௌனம். பூக்களும் அந்திவானமும் பின்னணியில் இருந்தே தீர வேண்டும் என்பவர்கள், கீழே கவிதையை எழுத்தாகவும் ஒருமுறை கொடுத்துவிடலாம்.

இன்னொன்று: மூலப்படி நம் கைவசம் இருக்க வேண்டும். ஆர்குட் என்ற சமூக ஊடகத் தளம் 2014-இல் மூடப்பட்டது. பொதுப் பயனர்களுக்கான கூகுள் பிளஸ் 2019-இல் மூடப்பட்டது. அங்கேயே எழுதி அங்கேயே விட்டுவைத்தவர்கள் இன்று எங்கே போய்க் கேட்பது?

நடுவில் உள்ள எழுதும் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாதி எழுதிய அத்தியாயத்தைப் பகிர்ந்துவிட்டு, கைதட்டல் விழுந்த திசையில் மீதியை எழுதிச் சென்றவர்களை அறிவேன். அவர்களில் நானும் ஒருவன். அந்தக் கதையை இன்று எடுத்துப் படித்தால், எந்த வரி யாருடைய பின்னூட்டத்துக்காக எழுதப்பட்டது என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் இலக்கியப் பக்கத்துக்குப் படைப்பு அனுப்பும் முறையை வெளியிடும் இடத்தில், சமூக ஊடகத்தில் வந்த படைப்பு ஏற்கப்படுமா, நண்பர்களுக்கு மட்டும் காட்டிய பதிவும் வெளியீடாகவே கருதப்படுமா, பதிவை நீக்கிவிட்டு அனுப்பினால் பரிசீலிக்கப்படுமா என்பவற்றைத் தெளிவாக அச்சிட்டால், என்னைப் போல அவசரப்பட்டு ஒரு கவிதையைப் பறிகொடுப்பவர்கள் சிலராவது குறைவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்