கேன்சர் செல் வேகமா பிரியும்னு மட்டும் சொன்னா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஸ்கூல் பாடத்துல கேன்சர் செல்னா வேகமா பிரியும், நார்மல் செல்னா மெதுவா பிரியும்னு ஒரே வரியில சொல்லிட்டு அடுத்த பாடத்துக்கு போயிடுறாங்க, இது பாதி உண்மைகூட இல்லைங்க. குடலோட உள்சுவர் செல், எலும்பு மஜ்ஜை செல் எல்லாம் பல கட்டியில இருக்குற செல்லைவிட வேகமா பிரியும், கீமோதெரபியில முடி கொட்டுறது, வாய்ப்புண் வர்றது, ரத்த அணு குறையுறது எல்லாம் வேகமா பிரியுற நல்ல செல்லும் சேர்ந்து அடிபடுறதாலதான்.

பசங்களுக்கு சொல்ல வேண்டியது பிரேக் பத்தி. நார்மல் செல்லை லேப் தட்டுல வளர்த்தா பக்கத்து செல்லை தொட்டதும் நின்னுடும், டிஎன்ஏ கெட்டா பி53 புரதம் பிரியறதை நிறுத்தி சரிபண்ண டைம் கொடுக்கும், முடியலன்னா அந்த செல்லையே சாகடிச்சிடும். நார்மல் செல் சுமார் 50 தடவை பிரிஞ்சா, குரோமோசோம் நுனியில இருக்குற டெலோமியர்ங்கிற பகுதி தேஞ்சு, பிரியுறது ஓஞ்சுடும். கேன்சர் செல் இதையெல்லாம் தாண்டிடும், 1951ல ஹென்ரியெட்டா லாக்ஸ்ங்கிற அமெரிக்க கேன்சர் நோயாளியோட கட்டியில இருந்து எடுத்த ஹீலா செல் இன்னைக்கும் லேப்கள்ல பிரிஞ்சுட்டே இருக்கு! இதை சொன்னாலே கிளாஸ்ல கேள்வி கொட்டும்.

மைட்டாசிஸ் (ஒரு செல் ரெண்டா பிரியுறது) படம் வரைய வைக்கிறதோட விட்டுடாம, ரெண்டு வகை செல் வளர்ற வீடியோவையும் பக்கத்து பக்கத்துல போட்டு எது எங்க நிக்குதுன்னு அவங்களையே கண்டுபிடிக்க விடுங்க, பாடம் எழுதுறவங்களும் அடுத்த பதிப்புல இதை சேர்க்கணும்.

இப்படிக்கு,
ஒரு அறிவியல் டீச்சர்