"வேண்டாம்" என்று தடுத்தவர்களுக்கு

அன்புள்ளவர்களுக்கு,

இன்று காலை எங்கள் பூனைக்குட்டி பொட்டுவின் எடை 910 கிராம். எடை நோட்டின் முதல் வரியில் 92 கிராம் என்று இருக்கிறது. நடுவில் 9 வாரங்கள், ஐந்து பேருடைய கையெழுத்து. வீட்டுக்கு வருகிறவர்கள் அவளைத் தூக்கிப் பார்த்துவிட்டு "நீங்க காப்பாத்திட்டீங்க" என்று என்னிடம் சொல்லும்போது கூச்சமாக இருக்கிறது. நான் செய்யப்போனதில் பாதியை யாராவது குறுக்கே வந்து நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தாமல் இருந்திருந்தால் நோட்டு இரண்டாம் பக்கத்துக்கே போயிருக்காது. அதனால், என்னை "வேண்டாம்" என்று தடுத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் கீழ்வீட்டுத் தம்பிக்கு. மாடிப்படிக்கு அடியில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்டு நான் குனிந்தபோது, கையைப் பிடித்து இழுத்தது நீதான். "அண்ணா, எடுக்காதீங்க. தாய் இரை தேடப் போயிருக்கும். இல்லன்னா குட்டிங்கள இடம் மாத்திக்கிட்டிருக்கும், ஒவ்வொண்ணாத்தான் கவ்விட்டுப் போகும்." எனக்கு அது தெரியாது. தனியாகக் கிடந்தால் அநாதை என்றுதான் நினைத்திருந்தேன். தூரத்தில் நின்று பார்த்தோம். அப்புறம் நீயே தெருவைச் சுற்றித் தேடிப் போய், வண்டியில் அடிபட்டுக் கிடந்த தாயைக் கண்டுபிடித்து வந்தாய். வந்து ஒன்றும் பேசவில்லை, துண்டை மட்டும் நீட்டினாய். இரண்டு குட்டிகள். கண் மூடியிருந்தது, காது தலையோடு ஒட்டியிருந்தது, தொப்புள்கொடி காய்ந்த நூல் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. அது மூன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் விழுந்துவிடும் என்பதால் அதற்குள்தான் வயது இருக்கும் என்று பிற்பாடு கால்நடை டாக்டர் சொன்னார்.

எதிர்வீட்டு அத்தைக்கு என்ன சொல்வது! குட்டிகளை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் தெரிந்த ஓர் இடத்துக்குப் போன் போட்டேன். "பசும்பால்ல தண்ணி கலந்து ஊத்துங்க" என்றார்கள். பாலைக் காய்ச்சி ஆற்றி, ஃபில்லரில் எடுத்து, குட்டியை மல்லாக்கப் பிடித்துக்கொண்டு நான் தயாராக நின்றபோது நீங்கள் உள்ளே வந்தீர்கள். குட்டியின் வாய்க்குள் சுண்டுவிரல் நுனியை விட்டுப் பார்த்தீர்கள். "பால கீழ வை. இது ஐஸ் மாதிரி இருக்கு. குளிர்ந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது."

பிறந்த குழந்தைகள் வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர் சொன்னால் கேட்கத்தானே வேண்டும். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பசியில் கத்துகிற குட்டிக்குப் பால் கொடுக்காமல் எப்படி இருப்பது? அதற்கான காரணத்தை டாக்டர் மறுநாள் விளக்கினார். பிறந்த முதல் வாரத்தில் பூனைக்குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளக்கூடத் தெரியாது. அதன் இயல்பான உடல் சூடே 35 முதல் 37 டிகிரி செல்சியஸ்தான். அதற்குக் கீழே போனால் குடல் அசைவு நின்றுவிடும். உள்ளே போகிற பால் செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிக் கெடும், அல்லது மேலே வந்து புரையேறும். பசியைவிடக் குளிர்தான் சீக்கிரம் கொல்லும். நீங்கள் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. ஒன்றை என் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்தீர்கள், இன்னொன்றை உங்கள் புடவை மடிப்பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கொண்டுவந்த என் மனைவியையும் "வேணாம்மா, மெதுவாத்தான் சூடேறணும்" என்று திருப்பி அனுப்பினீர்கள். ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். என் நெஞ்சில் இருந்தது தலையை ஆட்டி ஆட்டித் தேட ஆரம்பித்தது. "இப்பக் கொடு" என்றீர்கள். அதற்குள் தம்பி எங்கோ போய்ப் பூனைக்குட்டிகளுக்கான பால்பவுடரை வாங்கி வந்திருந்தான்.

நான் காய்ச்சிய பசும்பாலை யாரும் தொடவில்லை. பசும்பாலில் புரதம் சுமார் 3 சதவீதம்தான், பூனைப் பாலில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அதிலும் தண்ணீர் கலந்தால் குட்டிக்கு என்னதான் மிஞ்சும்? வயிற்றுப்போக்குதான்.

டாக்டருக்கு நான் பட்ட கடனைச் சொல்லி முடியாது. இரவு பதினொன்றுக்குப் போன் செய்தாலும் எடுத்தீர்கள், எடுத்ததும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எடை எவ்வளவு?" குட்டி நன்றாக விளையாடுகிறது, நன்றாகக் கத்துகிறது என்றெல்லாம் நான் சொன்னது உங்கள் காதில் ஏறவே இல்லை. தினமும் ஒரே நேரத்தில், பால் கொடுப்பதற்கு முன்னால் எடை போட்டு எழுதச் சொன்னீர்கள். நாளுக்குச் சுமார் 10 கிராமாவது ஏற வேண்டும், இரண்டு வாரத்தில் பிறந்த எடை இரட்டிக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க ஏறாமல் நின்றால் போன், இறங்கினால் நேரில்.

என் கை தாராளமான கை. 4 மில்லி குடித்துவிட்டு இன்னும் வாயைத் திறக்கிறதே என்று நான் மறுபடி சிரிஞ்சை நிரப்புவேன். 100 கிராம் குட்டியின் வயிறு கொள்வதே ஒரு வேளைக்கு 4 மில்லி அளவுதான் என்று சொல்லி அதை நிறுத்தினீர்கள். முதல் வாரம் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவும் பகலும். அளவைக் கூட்டிக்கொண்டு இரவில் தூங்கலாமே என்று நான் போட்ட கணக்குக்கு உங்கள் பதில் ஒரே ஒரு வார்த்தை. அதை இங்கே எழுத முடியாது.

உங்கள் உதவியாளராக இருக்கும் பெண்ணுக்குத் தனியாக நன்றி. மூன்றாம் நாள் பால் மூக்கு வழியாக வந்து நான் பதறிப் போய் நின்றபோது, குட்டியைத் தலைகீழாகப் பிடித்து உதறலாம் என்று யாரோ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்து கையை ஓங்கிவிட்டேன். வீடியோ காலில் நீங்கள் போட்ட கூச்சல் இன்னும் கேட்கிறது. "உதறாதீங்க சார்! மூளை அடிபட்டுடும்!" தலையைச் சற்றுத் தாழ்த்தி, மூக்கைத் துடைத்து, மூச்சு சீராகும் வரை பாலை நிறுத்தச் சொன்னீர்கள். நான் ஏன் மல்லாக்கப் பிடிக்கிறேன் என்றும் கேட்டீர்கள். குழந்தைக்கு அப்படித்தானே கொடுப்போம் என்றேன். "அது குழந்தை, இது பூனை. தாய்கிட்ட குப்புறப் படுத்துத்தான் குடிக்கும்." துண்டைச் சுருட்டி அதன்மேல் குப்புறப் படுக்கவைத்து, ரப்பர் காம்பைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக மட்டும் விழுகிறதா என்று பார்த்துக் கொடுக்கக் கற்றது அன்றைக்குத்தான். புரையேறிய பால் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. இரண்டு மூன்று நாள் மூச்சுச் சத்தத்தைக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தோம்.

இனி சின்னவனைப் பற்றி எழுத வேண்டும். அவன் 78 கிராம். பெயர் வைக்கவில்லை. இரண்டு நாள் எடை அப்படியே நின்றது, டாக்டரிடம் காட்டினோம், மருந்தும் சொட்டு நீரும் தோலுக்கடியில் ஏறியது. ஐந்தாம் நாள் இரவு 3 கிராம் இறங்கினான். அதற்கு முன்பு வரை ஓயாமல் கத்திக்கொண்டிருந்தவன் அமைதியாகிவிட்டான். நான் அதைப் பார்த்து நிம்மதிப்பட்டேன் என்பதை எழுதத்தான் வேண்டும். பாலைச் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு, டாக்டர், உங்களுக்குப் போன் செய்தேன். "விழுங்கற தெம்பு இல்லாதப்ப வாயில எதையும் ஊத்தாதீங்க. சூடா வைங்க, சர்க்கரைத் தண்ணிய விரல்ல தொட்டு ஈறுல தடவுங்க, கொண்டு வாங்க" என்றீர்கள். கொண்டு வந்தோம். விடிவதற்குள் போய்விட்டான்.

நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன். சீம்பால் கிடைத்ததா இல்லையா என்று தெரியாத குட்டி, பிறவியிலேயே ஏதாவது குறை இருந்திருக்கலாம், எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் சிலது வாடிப் போகும் என்றீர்கள். கூடவே, "ஆனா அமைதியா இருக்குன்னா சந்தோஷப்படாதீங்க, தொட்டுப் பாருங்க" என்றும் சொன்னீர்கள். தேற்றுவதற்காக இரண்டாவதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். விடவில்லை. அதனால்தான் பொட்டு ஒன்பதாம் நாள் மதியம் வழக்கத்துக்கு மாறாகச் சும்மா கிடந்தபோது நாங்கள் தூங்கவிடாமல் எழுப்பிப் பார்த்தோம். வலது கண்ணிமை மூடியபடியே உப்பியிருந்தது. இடது கண் அன்று காலைதான் ஒரு கீற்றளவு திறந்திருந்தது. நானே ஈரத்துணியால் இழுத்துப் பிரிக்கப் பார்த்தேன். (ஆமாம், மறுபடியும்.) என் மகள் கையைத் தட்டிவிட்டு, பெட்டியோடு தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். இமைக்குள் சீழ் கட்டியிருந்தது. அன்றே டாக்டர் சுத்தம் செய்து களிம்பு போட்டதால் கண் தப்பியது.

மகளே, நோட்டில் உன் கையெழுத்துதான் அதிகம். எடைக்குப் பக்கத்தில் "மூத்திரம் வெளிர் மஞ்சள், ஆய் கடுகுநிறம், ஈறு ரோஸ்" என்று நீ எழுதியதைப் பார்த்து முதலில் சிரித்தேன். மூத்திரம் அடர் மஞ்சளானால் நீர்ச்சத்துக் குறைகிறது, ஈறு வெளுத்தால் ரத்தம் குறைகிறது என்று அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு வேளையும் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அடியில் தட்டித் தட்டித் தடவினால்தான் அதற்கு மூத்திரமே வரும், தாய் நக்கிச் செய்வதை நாம் மூன்று வாரத்துக்கு மேல் செய்ய வேண்டும் என்று கேள்விப்பட்டதும் மச்சான் முகம் போன போக்கு! ஆனால் மச்சான், இரவு இரண்டு மணி முறை முழுவதும் உங்களுடையது. பூனையே பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே ஒரு நாள்கூடத் தவறவில்லை. நோட்டில் உங்கள் வரிகளில் எடையைத் தவிர ஒன்றுமே இல்லை, ஒரே ஓர் இரவைத் தவிர: "குர்குர்னு சத்தம் வருது. நோயா?" நோய் இல்லை மச்சான். உங்கள் மடி சுகமாக இருந்திருக்கிறது.

தெள்ளுப்பூச்சி விஷயத்தில் என்னைத் தடுத்ததும் டாக்டரின் உதவியாளர்தான். நாய்க்குப் போடுகிற மருந்து வீட்டில் இருந்தது, ஒரு சொட்டு போதுமே என்று நினைத்தேன். அந்த வகை மருந்துகள் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனைக்கு விஷமாம். நெருக்கமான சீப்பால் வாரி, சோப்புத் தண்ணீரில் போட்டுக் கொன்றோம். சலிப்பான வேலை. ஆனால் அவ்வளவு சின்ன உடம்பில் தெள்ளு குடிக்கிற ரத்தமே சோகை வரப் போதும். இரண்டாம் வாரத்தில் டாக்டர் முதல் பூச்சிமருந்தைக் கொடுத்தார்.

அலுவலகத் தோழிக்கு: உங்கள் பூனை அப்போது மூன்று குட்டி போட்டிருந்தது. பொட்டுவை அதனோடு விடலாமா என்று நான் கேட்டபோது முதலில் "இப்ப வேண்டாம்" என்றீர்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். உங்கள் குட்டிகளுக்கு நோய் தொற்றிவிடக் கூடாது என்று தனியே வைத்துப் பார்க்க டாக்டரும் சொன்னபோதுதான் புரிந்தது. ஐந்தாம் வாரத்தில் நீங்களே கூப்பிட்டீர்கள். அதற்குள் பொட்டு என் கையைக் கடித்துக் கிழித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று தனியாக வளர்ந்த குட்டிக்கு யார் சொல்லித் தருவது? உங்கள் வீட்டுப் பெரிய குட்டி முதல் நாளே சொல்லித் தந்துவிட்டது. நானாக இருந்தால் பாவம் என்று பிரித்திருப்பேன். "விடுங்க, அதுங்க பேசிக்கும்" என்று என்னை நாற்காலியில் உட்காரவைத்தீர்கள்.

நாலாம் வாரம் திட உணவு, தட்டுக்குள்ளேயே நாலு காலையும் வைத்துச் சாப்பிட்டது, மண்பெட்டிக்குக் கட்டியாகிற மணலைப் போடப் போய் மறுபடி தடுக்கப்பட்டது (சின்னக் குட்டிகள் அதைத் தின்றுவிடும்) எல்லாம் நீளும். எட்டாம் வாரம் முதல் தடுப்பூசி போட்டாயிற்று. அடுத்தது மூன்று வாரம் கழித்து.

கடைசியாக மேல்மாடி அக்காவுக்கு. கேக் மாவு அளக்கிற தராசைக் கேட்டதும் கொடுத்தீர்கள். எதற்கு என்று சொன்னபோது முகம் ஒரு கணம் மாறியது, ஆனாலும் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. "வேண்டாம்" என்று சொல்ல நியாயமான காரணம் இருந்தும் சொல்லாத ஒரே ஆள் நீங்கள்தான். ஒரு கிராம் கணக்கில் காட்டுகிற தராசு இல்லாமல் சின்னவனின் அந்த 3 கிராமோ, பொட்டுவின் தினசரிப் பத்தோ தெரிந்திருக்காது. இனி வாரம் ஒருமுறை பெரிய தராசே போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். இரண்டு முறை வெந்நீரில் கழுவியாயிற்று. தட்டின் வலது ஓரத்தில் நாலு பல் பதிந்த தடம் மட்டும் போகவில்லை.