மானெக்‌ஷாவின் துணிவு

ஆசிரியருக்கு, பீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா குறித்த தங்கள் கட்டுரை ராணுவத் தளபதியாக அவர் பாகிஸ்தானுக்கு எதிராகப் பெற்ற 1971 டிசம்பர் போர் வெற்றியை விரிவாகப் பேசியது. சரி, ஆனால் அவர் தலைமையின் உச்சம் அதே ஆண்டு ஏப்ரல் மாதம்தான் என்பேன். உடனே போருக்குப் போகப் படை தயாராக இல்லை, மழைக்காலம் வந்தால் இன்றைய வங்கதேசமான கிழக்கு வங்கத்து ஆறுகள் கடலாகிவிடும் என்று பிரதமர் இந்திரா காந்தியிடமே ஒளிவுமறைவின்றிச் சொன்னதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அவசரப்பட்டிருந்தால் எத்தனை ஜவான்களை இழந்திருப்போம்!

குன்னூரில் வாழ்ந்து, 2008இல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் மறைந்த அவருடைய கல்லறை ஊட்டி பார்சி மயானத்தில், மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் நான் அழைத்துச் சென்ற பிள்ளைகள் யாருக்கும் இது தெரியவில்லை. ஊட்டி பேருந்து நிலையத்திலும் படகு இல்லத்திலும் அவர் வரலாற்றைச் சொல்லும் தமிழ்ப் பலகைகளைச் சுற்றுலாத் துறை வைக்க வேண்டும்.

— ஓர் ஆசிரியர், கோவை